தலைக்கு எத்தனை லிட்டர்? விமானத்தின் மைலேஜ் கணக்கு

புது பைக் வாங்கியவரிடம் நம் ஊரில் விலைக்கு முன்பே கேட்பது, மைலேஜ் எவ்வளவு கிடைக்கிறது என்பதைத்தான். அதையே விமானத்தைப் பற்றிக் கேட்டால் வரும் விடை தலைசுற்ற வைக்கும். திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்குப் பறக்கும் போயிங் 737-800 ரக விமானம் மணிக்கு ஏறக்குறைய இரண்டரை டன் எரிபொருளைக் குடிக்கிறது. நான்கு மணி நேரப் பயணத்துக்குப் பத்து டன். விமான எரிபொருள் லிட்டருக்குச் சுமார் 800 கிராம் எடை இருக்கும். ஆக 12,500 லிட்டர். தூரம் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் லிட்டருக்கு 230 மீட்டர். கிலோமீட்டர் இல்லை, மீட்டர்.

சரி, உள்ளே எத்தனை பேர்? ஆள் நிறைந்த விமானத்தில் 180 பேர் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 70 லிட்டர். இப்போது மறுபடி வகுத்தால் ஓர் ஆளுக்கு லிட்டருக்கு 42 கிலோமீட்டர் கிடைக்கிறது. பைக்கில் தனியாகப் போகிறவருக்குக் கிடைப்பதும் கிட்டத்தட்ட இதுதான். எடை, காற்று, இறங்க இடம் கிடைக்காமல் வானத்தில் சுற்றும் நேரம் ஆகியவற்றைப் பொறுத்து இது கூடும், குறையும், தோராயமாக இவ்வளவு.

இதோடு விமான நிலையத்துக்குப் போகும் காரையும் சேர்த்துப் பாருங்கள். நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் டாக்சி ஒருவரை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பினால் அந்த ஒருவருக்காக ஒன்பது லிட்டருக்கு மேல் எரிகிறது. அவருக்கு லிட்டருக்குக் கிடைத்தது ஏழரை கிலோமீட்டர். துபாய்ப் பயணம் முழுவதிலும் எண்ணெய் மிக மோசமாகச் செலவாகும் பகுதி அரபிக்கடலின் மேலே இல்லை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை தாண்டும் சாலையில் இருக்கிறது.

விமானத் துறையின் எரிபொருள் சிக்கனம் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்த வகுத்தலைத்தான் முதலில் தேட வேண்டும் என்பது என் கட்சி. எதை எதால் வகுக்கிறார்கள், எந்த ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரே துறை ஒரு பக்கத்தில் சாதனையாளராகத் தெரியும், அடுத்த பக்கத்தில் ஊதாரியாகத் தெரியும். இரண்டுமே பொய்யில்லை.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் அக்கறை இருக்கக் காரணம் இருக்கிறது. கருங்கல், தக்கலை, குளச்சல், தூத்தூர் என்று எந்தப் பக்கம் போனாலும் வளைகுடாவில் வேலை பார்க்கும் ஆளில்லாத தெரு அபூர்வம். நமக்கென்று விமான நிலையம் இல்லை. அந்தக் கோரிக்கை தேர்தலுக்குத் தேர்தல் எழுந்து அடங்கும். 1935-ல் டாடா நிறுவனத்தின் சிறு விமானம் பம்பாயிலிருந்து திருவனந்தபுரத்தில் வந்திறங்கியபோது நாம் திருவிதாங்கூர்க் குடிகள். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். ஆனாலும் ஏர்போர்ட் என்றால் இன்றும் நமக்குத் திருவனந்தபுரம்தான்.

எரிபொருளும் நமக்குப் புதிதல்ல. ஏ.டி.எஃப். என்று விமானத் துறையினர் சொல்வது நன்றாகச் சுத்திகரித்த மண்ணெண்ணெய் வகை. குளச்சலிலும் முட்டத்திலும் வள்ளத்தின் பின்னால் மாட்டும் எஞ்சினுக்கு ஊற்றுவதும் அதே குடும்பம். பத்து, பதினோரு கிலோமீட்டர் உயரத்தின் குளிரில் கட்டிவிடக் கூடாது என்பதால் ஜெட் ஏ-1 எனப்படும் வகை மைனஸ் 47 டிகிரி செல்சியஸ் வரை உறையாமல் இருக்க வேண்டும் என்று விதி. ஒரு கிலோ எரிந்தால் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்வதால் எரித்ததைவிட வெளிவருவது அதிக எடை. நம் துபாய் விமானம் ஒரு நடைக்கு விடுவது 31 டன்னுக்கு மேல்.

செலவுக் கணக்கில் எண்ணெய்தான் பெரிய தலைவலி. உலக அளவில் விமான நிறுவனங்களின் செலவில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை எரிபொருளுக்கே போகிறது. இந்தியாவில் 40 சதவீதத்தைத் தொட்டதும் உண்டு. விமான எரிபொருள் இன்னும் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை, மாநிலங்கள் வாட் போடுகின்றன. தமிழ்நாட்டில் நெடுங்காலம் அது 29 சதவீதம். வெளிநாட்டுக்குப் பறக்கும் விமானத்துக்கு இந்த வாட் கிடையாது. அதனால் சென்னைக்குப் போகிறவர் டிக்கெட்டுக்குள் மாநில வரியும் கலந்திருக்கிறது, மஸ்கட்டுக்குப் போகிறவர் டிக்கெட்டில் இல்லை.

பின்னோக்கி நடந்த முதல் அடி

விமானங்கள் 1960-களிலிருந்து இன்றுவரை ஓர் இருக்கைக்கு ஆகும் எரிபொருளை 80 சதவீதம் குறைத்துவிட்டன என்று துறையினர் அடிக்கடி சொல்வார்கள். தொடங்கும் ஆண்டைக் கவனியுங்கள். போயிங் 707 பயணிகள் சேவைக்கு வந்தது 1958-ல். ஜெட் யுகத்தின் முதல் பிள்ளைகள் எல்லாமே எண்ணெய்க் குடியர்கள். அன்றைக்கு எண்ணெய் தண்ணீர் விலையில் கிடைத்ததால் யாரும் கவலைப்படவில்லை. அதற்கு முன்பு பறந்த, பிஸ்டன் எஞ்சினும் சுழல்விசிறியும் கொண்ட சூப்பர் கான்ஸ்டலேஷன், டி.சி.-7 போன்றவற்றை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. நெதர்லாந்தின் தேசிய விமான, விண்வெளி ஆய்வுக்கூடம் 2005-ல் அவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டது. கடைசிக் காலப் பிஸ்டன் விமானங்கள் முதல் ஜெட்களைப்போல் இரண்டு மடங்கு சிக்கனம் என்று தெரிந்தது. ஜெட்கள் அந்த இடத்தை மறுபடி எட்டிப் பிடிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

ஏர் இந்தியாவும் அந்தப் பாதையில்தான் போனது. சூப்பர் கான்ஸ்டலேஷன்களை வைத்திருந்த நிறுவனம் 1960-ல் 707-க்கு மாறியது, 1962-ல் முழுக்க ஜெட் விமானங்களையே ஓட்டும் நிறுவனமானது. அது பெரிய பெருமையாகக் கொண்டாடப்பட்டது. வேகம் கூடியது, ஆட்டம் குறைந்தது, நேரம் மிச்சமானது. எண்ணெய் விஷயத்தில் மட்டும் பின்னோக்கி நடந்தோம். 1960-ல் அளவுகோலை நட்டால் 80 சதவீதம் கிடைக்கும். 1955-ல் நட்டால் படம் வேறு மாதிரி இருக்கும்.

அப்படியென்றால் அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வெறும் விளம்பரமா? இல்லை. அங்கேதான் பொறியியல் அழகாக இருக்கிறது.

ஒரு பொருளை முன்னால் தள்ள, காற்றைப் பின்னால் தள்ள வேண்டும். கொஞ்சம் காற்றை மிக வேகமாகத் தள்ளலாம், நிறையக் காற்றை மெதுவாகவும் தள்ளலாம். கிடைக்கும் தள்ளுவிசை ஒன்றேதான், ஆனால் ஆகும் செலவு வேறு. விசை, காற்றின் நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. ஆற்றலோ வேகத்தின் இருமடியைப் பொறுத்து ஏறுவது. இரண்டு மடங்கு காற்றைப் பாதி வேகத்தில் தள்ளினால் அதே விசைக்குப் பாதி ஆற்றல் போதும். ஆழ்கடல் விசைப்படகின் அடியில் பெரிய விசிறி மெதுவாகச் சுற்றுவதும், சின்ன எஞ்சினின் குட்டி விசிறி படபடவென்று சுற்றுவதும் பார்த்தவர்களுக்கு இது புரியும். பாரம் இழுக்க எண்ணெய் மிச்சம் பிடிப்பது பெரியதுதான்.

முதல் ஜெட் எஞ்சின்கள் குட்டி விசிறியின் பக்கம் நின்றவை. உள்ளே போன காற்று முழுவதும் எரிகலன் வழியே சீறி வெளியேறியது. பிறகு முன்னால் ஒரு விசிறியைப் பொருத்தி, எரியும் பகுதியைச் சுற்றி வெளியே ஒரு பங்கு காற்றைத் தள்ள ஆரம்பித்தார்கள். எரியும் வழியில் போகும் காற்றைப்போல் எத்தனை மடங்கு காற்று வெளிவழியில் போகிறது என்பதுதான் கதையின் உயிர். பழைய 737-200-ன் எஞ்சினில் இது ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று. 1970-ல் வந்த ஜம்போ 747-ன் எஞ்சினில் ஐந்து மடங்கு. வளைகுடா வழித்தடங்களில் நாம் அதிகம் பார்த்த 737-800-லும் ஐந்தை ஒட்டித்தான். அதன் வாரிசான 737 மேக்ஸில் ஒன்பது. இண்டிகோ பறக்கவிடும் ஏ320 நியோ விமானங்களில் பலவற்றின் பிராட் அண்ட் விட்னி எஞ்சினில் பன்னிரண்டு. விமான நிலையக் கண்ணாடி வழியே பார்க்கும்போது எஞ்சினின் வாய் அகலமாகிக்கொண்டே வருவது வெறும் கண்மயக்கம் இல்லை.

எஞ்சினின் உட்பக்கத்தில் நடந்த முன்னேற்றம் வெளியே தெரியாதது, ஆனால் அதைவிடக் கடினமானது. வெப்பம் கூடக்கூட ஒரே எண்ணெயில் கூடுதல் வேலை வாங்கலாம். இன்றைய எஞ்சின்களில் டர்பைன் இலைகளின் மேல் பாயும் வாயுவின் வெப்பம் அந்த உலோகத்தின் உருகுநிலையையே தாண்டுகிறது. இலை உருகாமல் நிற்பது, ஒரே படிகமாக வளர்க்கப்பட்ட உலோகத்தாலும், அதன் உள்ளே துளைகள் வழியே ஓடும் குளிர்ந்த காற்றாலும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிறகு நுனியை மேல்நோக்கி வளைத்ததில் ஏ320 ரகத்துக்கு 4 சதவீதம் வரை மிச்சம். 787, ஏ350 போன்ற பெரிய விமானங்களில் எடையில் பாதி அளவுக்குக் கார்பன் நார்க் கலவை வந்து அலுமினியத்தை ஓரங்கட்டியது. பெருங்கடல் கடக்க மூன்று, நான்கு எஞ்சின் வேண்டும் என்ற பழைய விதி 1985 முதல் படிப்படியாகத் தளர்ந்து, இரண்டு எஞ்சினே போதும் என்றானது. நான்கு எஞ்சின் ஏ380-ன் உற்பத்தி 2021-ல் முடிந்தது. வேகத்தை யாரும் கூட்டவில்லை. 1958-ல் பறந்த வேகத்தில்தான் இன்றும் பறக்கிறோம். கூட்டிப் பார்த்த கான்கார்டு, நூறு பேரை ஏற்றிக்கொண்டு 95 டன் எண்ணெயைச் சுமந்து பறந்து, 2003-ல் ஓய்ந்தது.

நெருக்கி உட்காருவதன் லாபம்

எஞ்சினைத் தொடாமலே தலைக்கணக்கைக் குறைக்க ஒரு வழி உண்டு: காலி இருக்கை இல்லாமல் பறப்பது. 1970-களில் உலக விமானங்களில் பாதியளவு இருக்கைகளே நிரம்பின. 2019-ல் 82 சதவீதத்தைத் தாண்டியது, 2024-ல் 83.5 என்ற உச்சத்தைத் தொட்டது. கணினி முன்பதிவும், நாளுக்கு நாள் மாறும் டிக்கெட் விலையும் செய்த வேலை இது. ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் வளைகுடா டிக்கெட் விலை கொள்ளையாக ஏறுவதைத் திட்டுகிறோம். நானும் திட்டுகிறேன். ஆனால் விமானத்தைக் கடைசி இருக்கை வரை நிரப்புகிற அதே விலை ஏற்பாடுதான் தலைக்கு ஆகும் லிட்டரையும் குறைத்தது.

2005 ஏப்ரலில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கேரளத்திலிருந்து வளைகுடாவுக்குப் பறக்கத் தொடங்கியபோது மலிவு விலைச் சேவை என்ற பெயரில் வந்தது இந்த ஏற்பாடுதான். உயர் வகுப்பு கிடையாது, முழங்கால் இடிக்கும் இருக்கை, விமானம் நிறைய ஆள். உயர் வகுப்பில் படுத்துக்கொண்டு போகும் ஒருவர் பிடிக்கும் இடத்தில் சாதாரண வகுப்பில் இரண்டு மூன்று பேர் உட்காரலாம். அவர் பங்குக்கு எரியும் எண்ணெயும் அந்த அளவு. ஆகவே ஷார்ஜாவில் கட்டட வேலை செய்துவிட்டு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வரும் தொழிலாளிதான், மாதம் இருமுறை உயர் வகுப்பில் பறந்து சுற்றுச்சூழல் மாநாட்டில் பேசுகிறவரைவிட, உலகத்திலேயே சிக்கனமான விமானப் பயணிகளில் ஒருவர். இதை யாரும் அவரிடம் சொல்வதில்லை.

அவர் கொண்டுவரும் 30 கிலோ பெட்டிக்கும் ஒரு விலை உண்டு. விமானத்தில் கூடுதலாக ஏறும் எடையில் மணிக்குச் சுமார் 3 சதவீதம், அந்த எடையைத் தூக்கிச் செல்லவே எரிந்துவிடும். நான்கு மணி நேரத்தில் 12 சதவீதம். ஆக, ஈத்தப்பழமும் போர்வையும் பால்பவுடரும் அடங்கிய பெட்டிக்கு மூன்றரைக் கிலோவுக்கு மேல், அதாவது நாலரை லிட்டர் எண்ணெய்.

இதே விதி எண்ணெய்க்கும் பொருந்தும், ஏனென்றால் எண்ணெயும் எடைதான். ஓரிடத்தில் விலை குறைவு என்று அங்கேயே திரும்பும் பயணத்துக்கும் சேர்த்து நிரப்பிக்கொண்டால், சுமந்து வருவதற்கே ஒரு பங்கு எரிந்துபோகும். விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால் நிறுவனத்துக்கு லாபம், வானத்துக்கு நஷ்டம். 2022-ல் இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது இதன் மறுபக்கத்தைத் திருவனந்தபுரத்தில் பார்த்தோம். கொழும்பில் எண்ணெய் கிடைக்காமல் கிளம்பிய விமானங்கள் பல, திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி நிரப்பிக்கொண்டு நெடுந்தூரப் பயணத்தைத் தொடர்ந்தன. விமானம் அதிகமாகக் குடிப்பது மேலே ஏறும்போது. ஒரு பயணத்தில் இரண்டு முறை ஏறுவது என்பது எந்தப் புது எஞ்சினின் மிச்சத்தையும் தின்றுவிடும். குறுந்தூரப் பயணம் கிலோமீட்டர் கணக்கில் மோசமாக இருப்பதும் இதனால்தான். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ஏ.டி.ஆர். என்ற விசிறி வைத்த சிறு விமானம் வருவதைப் பார்த்துப் பழைய காலத்து வண்டி என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்தத் தூரத்துக்கு அதுவே சரியான வண்டி. மேலே சொன்ன பெரிய விசிறி, மெதுவான காற்று என்ற விதியின் நேரடி வாரிசு.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்கிலிருந்து வரும் காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் சுழல்வதைப் பார்க்கிறோம். அதே நேரத்தில் தலைக்கு மேலே, விமானம் பறக்கும் உயரத்திலும் அதற்கு மேலும், காற்று நேர் எதிராகக் கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. இந்தக் கீழைத் தாரைக்காற்றை 1958-ல் விரிவாக விளக்கியவர் இந்திய வானிலையாளர் பி. கோட்டீஸ்வரம். தென்மேற்குப் பருவத்தில் வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு அது முதுகில் கைவைத்துத் தள்ளும், திரும்பி வருகிறவர்களுக்கு முகத்தில் அடிக்கும். எவ்வளவு எண்ணெய் ஏற்ற வேண்டும் என்று கணக்கிடுகிறவர்கள் ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள்.

சிக்கனத்துக்குக் கொடுத்த விலை

முன்னேற்றம் ஒரே சீராக ஏறி வரவில்லை. எண்ணெய் விலை ஏறும்போது துள்ளுவதும், இறங்கியதும் தூங்குவதுமாக வந்தது. 1973, 1979 எண்ணெய் நெருக்கடிகள் ஒரு தலைமுறை விமானங்களைத் தந்தன. 2008-ல் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்ட அதிர்ச்சிக்குப் பிறகு, 2010 டிசம்பரில் ஏர்பஸ் தன் பழைய ஏ320-க்குப் புது எஞ்சின் மாட்டி நியோ என்று அறிவித்தது. எரிபொருள் 15 சதவீதம் மிச்சம் என்றது. போயிங் பதறிப்போய், ஒன்பதே மாதத்தில் 737 மேக்ஸை அறிவித்தது.

737-ன் உடல் 1960-களில் வடிவமைத்தது. அன்றைய ஒல்லியான எஞ்சின்களுக்கு ஏற்ப, தரையோடு ஒட்டிய குட்டைக் கால்கள். அதன் கீழ் 69 அங்குல விசிறியை மாட்ட இடமில்லை. எஞ்சினை முன்னே தள்ளி, சற்று உயர்த்திப் பொருத்தினார்கள். அதனால் சில நிலைகளில் மூக்கு தூக்கும் இயல்பு வந்தது. அதைச் சரிக்கட்ட எம்கேஸ் என்ற தானியங்கி மென்பொருளைச் சேர்த்தார்கள். விமானிகளுக்கு அதைப் பற்றிச் சரியாகச் சொல்லவும் இல்லை. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் இரண்டு விமானங்கள் விழுந்து 346 பேர் இறந்தார்கள். மேக்ஸ் உலகெங்கும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் தரையில் நின்றது. மென்பொருளைத் திருத்தி, பயிற்சியை மாற்றிய பிறகே மீண்டும் பறந்தது. பதினைந்து சதவீதத்தைத் துரத்திய அவசரம் இல்லாமல் இந்த விபத்துகளைப் புரிந்துகொள்ள முடியாது.

ஏர்பஸ் பக்கமும் நிம்மதி இல்லை. நியோவுக்கான பிராட் அண்ட் விட்னி எஞ்சினில் விசிறிக்கும் டர்பைனுக்கும் நடுவே ஒரு கியர் உண்டு. டர்பைன் வேகமாகச் சுற்ற, விசிறி மெதுவாகச் சுற்றும். யோசனை அருமையானது, எஞ்சின் பாடாய்ப் படுத்தியது. இந்தியாவில் தொடக்கத்திலிருந்தே கோளாறுகள். கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் 2023 மே மாதம் திவால் மனு கொடுத்தபோது இந்த எஞ்சின்களைத்தான் குற்றம் சாட்டியது. அதே ஆண்டு ஜூலையில், உலோகத் தூளில் கலந்த அசுத்தத்தால் உதிரிபாகங்களை முன்கூட்டியே சோதிக்க வேண்டும் என்று தயாரிப்பாளரே அறிவிக்க, உலகெங்கும் நூற்றுக்கணக்கான விமானங்கள் நின்றன. நின்ற இடத்தை நிரப்பப் பழைய, கூடுதலாக எண்ணெய் குடிக்கும் விமானங்களை வாடகைக்குப் பிடித்தார்கள். இருப்பதிலேயே சிக்கனமான எஞ்சின் பட்டறையில் கிடக்க, ஊதாரி எஞ்சின் வானத்தில்.

விளைவு எண்ணிலும் தெரிந்தது. 1990 முதல் 2019 வரை ஆண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் மேம்பட்டுவந்த எரிபொருள் சிக்கனம், 2023-க்கும் 2024-க்கும் இடையே அசையவே இல்லை என்று சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமே கணக்குக் கொடுத்தது. உலக விமானங்களின் சராசரி வயது 14.8 ஆண்டு என்ற உச்சத்துக்குப் போனது. 2024-ல் ஆர்டர் கொடுத்தும் வந்துசேராமல் இருந்த விமானங்கள் 17,000. ஐ.நா.வின் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வைத்திருக்கும் இலக்கு ஆண்டுக்கு 2 சதவீதம்.

மொத்தத்தைக் கேட்டால்

இதுவரை தலையால் வகுத்தோம். வகுக்காமல் விட்டால் என்ன கிடைக்கும்? 1990-க்கும் 2019-க்கும் இடையில் ஒரு பயணியை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல ஆகும் ஆற்றல் பாதிக்கும் கீழே வந்தது. அதே காலத்தில் பயணம் நான்கு மடங்கானது. ஆக, வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு இரண்டு மடங்கு. உலக அளவில் மனிதர் வெளியிடுவதில் விமானங்களின் பங்கு இரண்டரை சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. சின்ன எண் என்று தோன்றலாம். ஆனால் உலகத்தில் பெரும்பாலானோர் ஓர் ஆண்டில் ஒருமுறைகூட விமானம் ஏறுவதில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

மிச்சமான எண்ணெய் எங்கே போனது என்றால், டிக்கெட் விலைக்குள் போனது. விலை இறங்கியது, ஆள் கூடியது. இதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு தலைமுறைக்கு முன்பு அப்பாவின் இறப்புக்குக்கூட வளைகுடாவிலிருந்து வந்துசேர முடியாதவர்கள் இங்கே எத்தனையோ பேர். இன்று மகளின் காதுகுத்துக்கு வந்து போகிறார்கள். ஆனால் சிக்கனம் கூடினால் மொத்தச் செலவு குறையும் என்று நம்பியவர்களுக்கு, அறுபது ஆண்டுகளாக அது ஒருமுறைகூட நீடித்து நடக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். மொத்தம் பெரிதாகச் சரிந்தது கொரோனாக் காலத்தில், அதுவும் விமானங்கள் நின்றதால்.

2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. ஒவ்வொன்றும் இருபது, இருபத்தைந்து ஆண்டு பறக்கும். அதாவது 2050 வரை நம் வானத்தில் ஓடப்போகும் எஞ்சின்கள் பெரும்பாலும் இன்று தெரிந்த எஞ்சின்களே. வெளிக்கூடே இல்லாத திறந்த விசிறி எஞ்சின் ஒன்றை சி.எஃப்.எம். நிறுவனம் உருவாக்கிவருகிறது, இன்னொரு 20 சதவீதம் குறையும் என்கிறார்கள், வருவது 2030-களின் நடுவில். பேட்டரி விமானம் நம் துபாய்ப் பாதைக்கு ஆகாது. ஒரு கிலோ விமான எரிபொருளில் 43 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது, ஒரு கிலோ பேட்டரியில் ஒன்று.

மிஞ்சியிருப்பது எண்ணெயையே மாற்றுவது. 2018 ஆகஸ்ட் 27 அன்று ஸ்பைஸ்ஜெட் டேராடூனிலிருந்து டெல்லிக்குக் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருளைக் கலந்து பறந்து காட்டியது. நம் வேலியோரங்களில் சும்மா கிடக்கும் அதே செடிதான். இன்றைக்கு அதிகம் நம்பியிருப்பது சமையல் செய்து கழித்த எண்ணெயை. ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் இப்படிப்பட்ட எரிபொருளை 2 சதவீதம் கலப்பதைக் கட்டாயமாக்கிவிட்டது. இந்தியா சர்வதேசப் பயணங்களுக்கு 2027-ல் ஒரு சதவீதம், 2028-ல் இரண்டு, 2030-ல் ஐந்து என்று இலக்கு வைத்திருக்கிறது. தாவர எண்ணெயோ கழிவு எண்ணெயோ, இந்த எரிபொருளின் விலை சாதாரண எண்ணெயைப்போல் இரண்டு முதல் ஐந்து மடங்கு.

டிக்கெட்டில் எவ்வளவு ஏறும்? மூன்று மடங்கு விலை என்று வைத்து, ஐந்து சதவீதம் கலந்தால் எரிபொருள் செலவு பத்து சதவீதம் கூடும். டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு எரிபொருள் என்றால் 15,000 ரூபாய் டிக்கெட்டுக்கு ஐந்நூறு ரூபாய். பண்டிகை வாரத்தில் இரட்டிப்பாகும் விலையோடு பார்த்தால் இது சில்லறை. அதனால் விலை என்னை அதிகம் பயமுறுத்தவில்லை. அளவுதான் பயமுறுத்துகிறது. 2024-ல் உலகம் முழுவதும் தயாரித்த இந்த எரிபொருள் பத்து லட்சம் டன், மொத்த விமான எரிபொருளில் வெறும் 0.3 சதவீதம்.

நம் கணக்கிலேயே பார்ப்போம். ஒரே ஒரு துபாய் விமானம், ஒரு வழிக்கு மட்டும், ஐந்து சதவீதம் என்றால் அரை டன். சுமார் 625 லிட்டர். அதைத் தயாரிக்க அதைவிடக் கூடுதலாகக் கழிவு எண்ணெய் வேண்டும். ஒரு நாளைக்கு, ஒரு விமானத்துக்கு. நாகர்கோவில் முதல் களியக்காவிளை வரை நேந்திரங்காய் சிப்ஸும் பழம்பொரியும் போடும் கடைகளில் நாள் முடிவில் சட்டியில் மிஞ்சும் எண்ணெய் இன்று எங்கே போகிறது? சில இடங்களில் மறுநாள் அதே சட்டிக்கு, சில இடங்களில் சாலையோர வண்டிக்கடைக்கு. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே இதைத் திரட்டி எரிபொருளாக்கும் திட்டத்தை அறிவித்தது. கடைக்காரருக்கு லிட்டருக்கு நல்ல விலையும், வாசலுக்கு வந்து எடுத்துப் போக ஆளும் கிடைத்தால்தான் அந்த எண்ணெய் திருவனந்தபுரத்து டாங்கருக்குப் போகும். இல்லையென்றால் அடுத்த ஈடு பழம்பொரிக்குப் போகும்.